அடங்கல்: டேட்டாபேஸுக்கு எல்லைப்புறம் வைத்திருக்கும் சொல்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கம் நிலம் வைத்திருக்கும் தமிழர்கள் பயிர்க்கடனுக்கு வங்கிக்குப் போகும் முன் மீசேவா என்ற அரசு சேவை மையத்தில் நின்று, “ஒரு அடங்கல் எடுத்துக் கொடுங்க” என்று கேட்பார்கள். அச்சாகி வரும் தாளில் எழுத்தெல்லாம் தெலுங்கு. தலைப்பில் இருக்கும் சொல் மட்டும் தமிழ்.

அடங்கு என்ற வினையிலிருந்து வந்தது அடங்கல். உள்ளே அடங்கியது, எல்லாம் சேர்ந்த முழுமை என்பது பொருள். மூவர் பாடிய தேவாரத்தின் ஏழு திருமுறைகளையும் ஒருசேரத் தொகுத்ததற்கு அடங்கன்முறை என்று பெயர். வருவாய்க் கணக்கில் அடங்கல் என்றால் சர்வே எண் வாரியாகப் பரப்பு, பட்டாதாரர், பாசனம், பயிர் எல்லாவற்றையும் வரிசை வரிசையாகக் காட்டும் கிராமக் கணக்கு. சென்னை மாகாணம் ஒன்றாக இருந்தபோது தெலுங்கு மாவட்டங்களிலும் இதே பெயர் ஊன்றிவிட்டது. 1953-ல் ஆந்திரம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1-ல் எல்லையைத் திருத்தினார்கள். திருத்தணி தமிழர் பக்கம் போனது, சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்கு வந்தது. கணக்கின் பெயர் இரண்டு பக்கமும் அப்படியே நின்றது. தமிழ்நாட்டில் அது 2-ஆம் எண் கிராமக் கணக்கு, ஆந்திரத்தில் 3-ஆம் எண். நிஜாம் ஆண்ட தெலங்கானாவில் அதையே பஹாணி என்கிறார்கள். நம் புறம்போக்கும் இப்படித்தான் தெலுங்கில் ‘போரம்போக்கு’ ஆகி வாழ்கிறது.

சரி, டேட்டாபேஸைத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு வருவோம். டேட்டா லத்தீன் சொல், ‘கொடுக்கப்பட்டவை’ என்று பொருள். தமிழில் அதற்கு வழங்கும் தரவு, தரு என்ற அடியில் பிறந்தது. இரண்டுக்கும் வேர்ப்பொருள் ஒன்றே. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர், ஆகவே சொல்லும் புதிதில்லை. டேட்டாபேஸுக்குத் தரவுத்தளம் என்பது பொருத்தமான ஆக்கம். மென்பொருள் எழுதுகிறவர்கள் தாராளமாக அதையே எழுதலாம். கணினி அறிவியலாளர் எட்கர் காட் 1970-ல் தரவை அட்டவணைகளாக அடுக்கும் முறையை முன்வைத்தார். ஒரு வரி ஒரு பொருளுக்கு, ஒரு பத்தி ஒரு பண்புக்கு. கிராமக் கணக்கர் கையால் கோடு போட்டு எழுதிய அடங்கலும் இதே அமைப்புதான்.

ஆனால் அரசு தலைமுறை தலைமுறையாகக் காக்க வேண்டிய மூலக் கணக்கைத் தரவுத்தளம் என்று சொல்வதில் எனக்கு நிறைவில்லை. ஆந்திரத்தின் கதையே காரணம். குப்பம் தொகுதியில் 1989 முதல் வென்றுவரும் சந்திரபாபு நாயுடு முதல்வராக இருந்தபோது, 1998-ல் ‘கார்டு’ திட்டம் வந்தது. பத்திரங்களைக் கையால் பிரதி எடுத்து வந்த பதிவு அலுவலகங்களில் கணினி அமர்ந்தது. அதை வடிவமைத்த ஜே. சத்யநாராயணா பின்னாளில் ஆதார் ஆணையத்தின் தலைவரானார். 2011 நவம்பர் 4-ல் மீசேவா நம் சித்தூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அப்புறம் 2015-ல் நிலக் கணக்குகளைப் பார்க்க மீபூமி இணையதளம், 2025 ஜனவரியில் வாட்ஸ்அப் வழியே அரசு சேவைகளைத் தரும் மன மித்ரா. அதே ஆண்டு அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் தரவு மையம் அமைப்பதாக கூகுள் அறிவித்தது. முதல்வர் மாறினார், திட்டத்தின் பெயர் மாறியது, கணினி மாறியது. அத்தனை மாற்றத்துக்குப் பிறகும் அடங்கல் இருக்கிறது. கட்டடம் தரவு மையம், மென்பொருள் தரவுத்தளம், இரண்டும் மாறிய பிறகும் நிற்க வேண்டிய கணக்கு அடங்கல். இந்த மூன்றையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால், மென்பொருள் வாங்கியதோடு வேலை முடிந்தது என்ற எண்ணம் வந்துவிடும்.

எல்லைத் தமிழர்களுக்கு இது நேரடியான கவலை. தெலுங்கர் பெயரில் இண்டிபேரு, அதாவது குடும்பப் பெயர், முதலில் வரும். தமிழருக்கு அப்படி ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். இண்டிபேருக்கு ஒதுக்கிய இடத்தில் அப்பா பெயரைப் போட்டால், தாத்தாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று என்று ஒரே குடும்பம் மூன்று குடும்பமாகத் தெரியும். எழுத்திலும் சிக்கல் உண்டு. இன்றைய தெலுங்கில் ழ புழக்கத்தில் இல்லை. எழிலரசி அடங்கலில் எளிலரசி ஆவார். ஆதாரில் அந்த ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இசட், ஹெச் போட்டிருந்தால் கணினி அவரை வேறொருவர் என்றே எடுத்துக்கொள்ளும். மனிதக் கணக்கர் ஊர்க்காரர். முகம் பார்த்துச் சரிசெய்தார். கணினிக்கு அந்த வசதியை வடிவமைப்பவர்கள்தான் கொடுக்க வேண்டும்: பெயரின் தமிழ் வடிவத்துக்கு ஒரு பத்தி, அப்பா பெயருக்குத் தனிப் பத்தி. ஒருங்குறி (யூனிகோட்) வந்த பிறகு தமிழையும் தெலுங்கையும் ஒரே வரியில் வைக்க எந்தத் தடையும் இல்லை. மனம் வைத்தால் போதும்.

அதனால் என் பரிந்துரை இது. நிலம், பிறப்பு இறப்பு, குடும்பம் போன்ற அரசின் மூலக் கணக்குகளை நில அடங்கல், பிறப்பு அடங்கல், குடும்ப அடங்கல் என்றே சொல்லலாம். பதிவேடு என்ற சொல்லும் நல்லதுதான், ஆனால் அது ஒரு தனி நோட்டையும் குறிக்கும். முழுமை என்ற பொருள் அதில் இல்லை. வினையாகப் பயன்படுத்தும்போது ‘அடங்கலில் ஏற்று’, ‘அடங்கலில் திருத்து’ என்று எழுதலாம். குப்பத்திலும் நகரியிலும் இப்போதே அப்படித்தான் பேசுகிறார்கள்.