கண் இருட்டாத கேமரா

மதுரை யானைக்கல் பக்கம் ஒரு டீக்கடை. மாஸ்டர் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னொரு கையை இடுப்புக்குக் கீழே இறக்கி டீ ஆற்றிக்கொண்டிருந்தார். எஸ்.எல்.ஆர் கேமராவில் கண்ணை வைத்து, டீ ஒரே கம்பியாக நீளும் தருணம் பார்த்து அமுக்கினேன். ‘சடக்’. ஒரு கணம் இருட்டு. பார்வை திரும்பியபோது டீ கிளாஸுக்குள் போயிருந்தது. நான் பார்த்தது ஒன்று, ஃபிலிமில் விழுந்தது இன்னொன்று.

காரணம் எளிது. எஸ்.எல்.ஆரில் கண்ணுக்கும் ஃபிலிமுக்கும் ஒரே லென்ஸ்தான். ஒரு வாசல், இரண்டு பங்காளிகள். லென்ஸுக்குப் பின்னால் 45 டிகிரி சாய்வில் இருக்கும் கண்ணாடி, ஒளியை மேலே இருக்கும் பிரிஸத்துக்குத் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பட்டனை அமுக்கியதும் கண்ணாடி எழுந்து வழிவிடுகிறது. அப்போது ஃபிலிம் பார்க்கும், கண் பார்க்காது. கண்ணாடி எழுந்து முடித்த பிறகுதான் ஃபிலிமை மறைத்திருக்கும் ஷட்டர் திறக்கும் என்பதால் தாமதம் வேறு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் டீ, கீழே வரும்போது விநாடிக்கு 4 மீட்டருக்கு மேல் வேகம் எடுத்திருக்கும். விநாடியில் இருபதில் ஒரு பங்கு தாமதித்தாலே டீ 20 சென்டிமீட்டர் நழுவிவிடும்.

அந்தக் கண்ணாடி எழுந்து படுக்க இடமும் வேண்டும். 1959-ல் வந்த நிக்கான் எஃப்-இல் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் 46.5 மில்லிமீட்டர் இடைவெளி. எழுந்து படுக்கும் கண்ணாடி இல்லாத ‘ரேஞ்ச்ஃபைண்டர்’ வகைக் கேமராவான லைகா எம்-இல் 27.8 தான். ஃபிலிமை விட்டு இப்படித் தள்ளி நிற்க வேண்டியிருப்பதால் எஸ்.எல்.ஆரின் அகலக்கோண லென்ஸ்கள் பெருத்துப் போகின்றன. பெரிய லென்ஸைப் பார்த்தால் தெருவில் ஆட்கள் விறைத்துக்கொள்வார்கள்.

ரேஞ்ச்ஃபைண்டரில் கண்ணுக்குத் தனி ஜன்னல். லென்ஸ் தன் வேலையைச் செய்யும், கண் தன் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். சரி, லென்ஸ் வழியாகப் பார்க்காமல் ஃபோகஸ் செய்வது எப்படி?

கட்டை விரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, ஒரு கண் மாற்றி ஒரு கண் மூடிப் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவரின் மேல் விரல் இடமும் வலமும் தாவும். கிட்டே கொண்டுவந்தால் தாவல் கூடும், தள்ளினால் குறையும். இதே கணக்குதான். 1954-ல் வந்த லைகா எம்3-இல், ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் வரும் பிம்பத்தை, பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடி ஒன்று மற்றதன் நடுவில் சின்னக் கட்டமாகப் பதிக்கிறது. லென்ஸைத் திருகினால் கட்டத்துக்குள் இருக்கும் ஆள் பக்கவாட்டில் நகர்வார். இரட்டையாகத் தெரிந்தவர் ஒருவரானால் ஃபோகஸ் சரி. ஒரு மீட்டரில் நிற்பவருக்கு இரண்டு பார்வைக் கோடுகளுக்கும் இடையே சுமார் 4 டிகிரி கோணம். பத்து மீட்டரில் அது அரை டிகிரிகூட இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. கீழமாசி வீதியில் காலையில் திறக்காத கடை ஷட்டரை ஃபோகஸ் செய்து பாருங்கள், திணறிப்போவீர்கள். ஷட்டரில் எல்லாம் படுக்கைக் கோடுகள், பிம்பமோ பக்கவாட்டில்தான் நகரும். கோட்டின் மேலேயே கோடு வழுக்கிப் போனால் என்ன தெரியும்? கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் சரியாகிவிடும். ஜன்னல் கம்பி வேறு மாதிரி ஏமாற்றும், பக்கத்துக் கம்பியோடு பொருந்திக்கொள்ளும்.

தெருவில் பல நேரம் ஃபோகஸே செய்ய வேண்டியதில்லை. 35 மில்லிமீட்டர் லென்ஸ், ஒளி நுழையும் துளை எஃப் 8, தூரம் 3 மீட்டர் என்று வைத்துவிட்டால் ஏறக்குறைய 1.9 முதல் 7 மீட்டர் வரை தெளிவாக விழும். இதை எஸ்.எல்.ஆரிலும் செய்யலாம். ஆனால் ரேஞ்ச்ஃபைண்டரில் படத்தின் எல்லை, ஜன்னலுக்குள் தெரியும் வெறும் ஒளிக்கோடு. கோட்டுக்கு வெளியேயும் தெரு தெரிகிறது. பூக்கூடையோடு சைக்கிள் வருவது, கோட்டுக்குள் நுழையும் முன்பே கண்ணில் படும். எனக்கு இதற்காகவே இந்தக் கேமரா பிடிக்கும்.

அதற்காக எஸ்.எல்.ஆரை மட்டம் தட்டுவதற்கில்லை. அழகர் ஆற்றில் இறங்கும்போது பாலத்தில் நின்றுகொண்டு எடுக்க 200 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும். லைகா எம்-இல் ஒளிக்கோடு 135 மில்லிமீட்டர் லென்ஸோடு முடிந்துவிடுகிறது, அதுவே தபால்தலை அளவில்தான் தெரியும்.

ஒரு சித்திரைத் திருவிழா அன்று என் பழைய ரேஞ்ச்ஃபைண்டரான யாஷிகா எலெக்ட்ரோ 35-ஐ எடுத்துப் போனேன். தண்ணீர் பீய்ச்சுபவர்களுக்குப் பயந்து லென்ஸ் மூடியைப் போட்டிருந்தேன். அப்புறம் அதே டீக்கடை. டீக்கம்பி உச்சத்தில் இருக்கும்போது அமுக்கினேன்; இருட்டு இல்லை, சத்தமும் ‘டிக்’ என்று மட்டும். மொத்த ரோலையும் அங்கேயே தீர்த்தேன். கழுவிப் பார்த்தால் 36 படமும் ஒன்றுமில்லாத வெறும் ஃபிலிம். மூடியைக் கழற்றவே இல்லை. ஜன்னல்தான் தனியாயிற்றே, எப்படித் தெரியும்? எலெக்ட்ரோவில் ஒளியை அளக்கும் மீட்டரும் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை.

மாஸ்டர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார், “படம் என்னாச்சு தம்பி?”