ஸ்பிண்டில் வாங்கும்முன் ஆட்டத்தைப் பாருங்கள்

சர்க்யூட் போர்டில் துளை போட வீட்டிலேயே மெஷின் கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது, "மோட்டார் எத்தனை ஆர்பிஎம்?" என்றுதான். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஸ்பிண்டிலின், அதாவது துளையிடும் பிட்டைப் பிடித்துச் சுழற்றும் பாகத்தின், ஆட்டம்: சுற்றும்போது பிட் மையத்தில் நிற்காமல் பக்கவாட்டில் அலைவது.

போர்டு, கண்ணாடி இழையும் எபாக்சியும் இறுகியது. சாதாரண ஸ்டீல் பிட் அதில் சீக்கிரமே மழுங்கிவிடும். அதனால் கார்பைடு பிட். கடினம் அதிகம், ஆனால் வளையத் தெரியாது. பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே ஒடிந்துவிடும். பிட்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குப்படி மாறும். அதே நீளமுள்ள 1.6 மி.மீ. பிட்டின் விறைப்பில் 16-ல் ஒரு பங்குதான் 0.8 மி.மீ. பிட்டுக்கு.

ஆட்டம் எங்கே பிறக்கிறது? 775 என்ற அளவு டிசி மோட்டாரின் 5 மி.மீ. தண்டில் பித்தளைக் கோலெட்டை (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் குழலை) செருகி, பக்கத்து ஸ்க்ரூவை இறுக்குகிறோம். கோலெட்டின் துளை 5.05 மி.மீ. என்று வையுங்கள். ஸ்க்ரூ அந்த இடைவெளி முழுவதையும் ஒரே பக்கம் ஒதுக்கிவிடும். மையம் 0.025 மி.மீ. விலகும், சுற்றும்போது ஆட்டம் 0.05 மி.மீ. ஆகும். கொஞ்சம் சாய்வும் சேர்ந்தால் முனையில் இன்னும் கூடும். அந்த முனை செம்பில் இறங்காமல் வட்டம் கீறும், பிறகு ஒடியும்.

தண்டை விரலால் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். டக் டக்கென்று நகர்ந்தால் அந்த மோட்டார் வேண்டாம். அடிப்பக்கம் துளைத்து வெளியேறும் கணத்தில் பிட் கவ்வித் தண்டையே கீழே இழுக்கும்.

வேகமும் வேண்டும்தான். 0.8 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினால், வெட்டுமுனையின் வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர்தான். 60,000 சுற்றில் 150 மீட்டர். தொழிற்சாலைகளில் காற்றுப் பேரிங் (தண்டைக் காற்றுப் படலத்தில் மிதக்கவிடும் பேரிங்) வைத்து ஒரு லட்சத்தைத் தாண்டுகிறார்கள். ஆனால் வேகக் குறைவைப் பொறுமையால் ஈடுகட்டலாம். ஒரு சுற்றுக்கு 0.02 மி.மீ. இறக்கினால், 10,000 சுற்றிலேயே 1.6 மி.மீ. போர்டை அரை விநாடியில் கடந்துவிடலாம். ஆட்டத்துக்கு அப்படி எந்த ஈடும் கிடையாது.

என் தேர்வு, பால் பேரிங் ஜோடியில் நிற்கும் ஈஆர்11 என்ற நிலையான அளவு கோலெட் ஸ்பிண்டில். கூடவே 3.175 மி.மீ. கோலெட், கார்பைடு பிட்டுகளின் காம்பு (கோலெட்டுக்குள் போகும் பகுதி) பெரும்பாலும் அந்த அளவுதான். காம்பில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவியை) வைத்துக் கையால் சுற்றுங்கள். முள் 0.02 மி.மீ.-க்குள் நின்றால் நல்லது. கூடினால் ஸ்பிண்டிலைக் குறை சொல்லும்முன் கோலெட்டைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் உள்ளே சிக்கியிருந்தாலும் முள் நகரும்.