‘இதர’ என்றொரு கட்டம்

மன்னார்குடிப் பக்கம் ஓர் உழவர் குழுவுக்கு நெல் கணக்குச் செயலி செய்து கொடுத்தேன். எளிமையாக இருக்கட்டும் என்று முதல் வடிவத்தில் ஆளுக்கு ஒரு சர்வே எண், ஒரு பயிர். முதல் நாளே ஒரு பெரியவர் வந்தார். சொந்த நிலம் இரண்டு மா (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு), கோயில் குத்தகை நாலு மா, சர்வே எண் மூன்று. “தம்பி, இதுல எதை எழுதுவீங்க?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

சரி என்று அடியோடு மாற்றினேன். ‘பெயர்’, ‘மதிப்பு’ என இரண்டே கட்டம். யாரும் எதையும் சேர்க்கலாம். பருவம் முடிந்து பார்த்தால் குறுவை, குருவை, குறுவ என்று மூன்று பயிர். ஈரப்பதம் ஒருவருக்கு 17, ஒருவருக்கு ‘17%’, இன்னொருவருக்கு ‘பரவாயில்லை’. மூட்டை என்றால் கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பமா, வியாபாரி எடுக்கும் 60 கிலோவா, தெரியவில்லை. கடைசியில் பழைய நோட்டைப் பிரித்து வைத்துத்தான் கூட்டினோம்.

கறாராக இருப்பதா, எதையும் ஏற்பதா என்ற இந்த இழுபறி இணையத்திலும் பழையதுதான். வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் (HTML) மொழியில் தெரியாத குறி (tag) வந்தால் உலாவி அதை விட்டுவிட்டு உள்ளிருக்கும் எழுத்தைக் காட்டும். அதனால்தான் பழைய உலாவிகள் திணறாமல் புதுக் குறிகள் சேர முடிந்தது. தரவை எழுதிப் பரிமாற 1998-இல் வந்த எக்ஸ்எம்எல்லில் (XML) குறிகளை நாமே உண்டாக்கலாம். ஆனால் ஒன்றை மூட மறந்தாலும் வேலை அங்கேயே நிற்கும். அதே வேலைக்குப் பயன்படும் ஜேசானில் (JSON) குறிப்புரைக்கு (comment) இடமே இல்லை. குறிப்புரைக்குள் ஆளாளுக்குக் கட்டளை எழுதி வைத்ததைப் பார்த்து, ஜேசானை வகுத்த டக்ளஸ் கிராக்ஃபோர்ட் குறிப்புரையையே எடுத்துவிட்டார். ரொம்பக் கறார் என்று நினைத்திருந்தேன். ‘பரவாயில்லை’யைப் பார்த்த பிறகு அந்த வருத்தம் போய்விட்டது.

மூன்றாவது வடிவம்தான் இன்றும் ஓடுகிறது. ஆட்களுக்கு ஓர் அட்டவணை, நிலங்களுக்குத் தனி அட்டவணை. பெரியவருக்கு அதில் மூன்று வரி. எடை கிலோவில் மட்டும். பருவத்தைத் தட்டச்சு செய்ய முடியாது, பட்டியலில் தொட வேண்டியதுதான். கூடவே ‘இதர’ என்று ஒரே ஒரு கட்டம். அதில் இருப்பதை எந்தக் கணக்கும் தொடாது. புரியாதது வந்தாலும் செயலி நிற்காது, அழிக்காது, அப்படியே வைத்திருக்கும். ஒரே விவரம் இரண்டு பருவம் தொடர்ந்து வந்தால் அதற்குத் தனிக் கட்டம்.

அப்புறம், கூட்டிக் கழிக்காத எதையும் எண்ணாக வைக்காதீர்கள். சர்வே எண் 5/2 எக்செல்லில் தேதியாகிவிடும். வங்கிக் கணக்கு எண்ணில் முன்னால் நிற்கும் பூஜ்யம் காணாமல் போகும். 15 இலக்கத்தைத் தாண்டினால் மீதியெல்லாம் பூஜ்யம். பணம் வரவில்லை என்று ஒருவர் வந்து நிற்கும்போதுதான் அது நமக்குத் தெரியும். இவை எழுத்தாகவே இருக்கட்டும்.

இந்தத் தாளடிப் பருவத்துக்கு அறுவடை இயந்திர வாடகைக்கு ஒரு கட்டம் கேட்டார்கள். மணிக் கணக்கா, மாக் கணக்கா என்று கேட்டேன். அவர்களுக்குள்ளேயே இரண்டு பேச்சு. இப்போதைக்கு அது ‘இதர’வில் கிடக்கிறது.