எச்.டி.: வரையறை இல்லை, தெளிவு

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மண்டபச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். திருவிழாப் பதிவை "உயர் வரையறைக் காணொளியாக" பெரிய திரையில் காட்டப் போகிறார்களாம். பக்கத்தில் நின்ற பெரியவர், ஒரு காலத்தில் தோட்டத்தில் வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோராக இருந்தவர், அதை இரண்டு முறை வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, வரையறைன்னு போட்டிருக்கே, சின்னப் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போகக்கூடாதா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. வயது வரையறை, வருமான வரையறை என்றுதான் அவர் வாழ்நாள் முழுக்க விண்ணப்பப் பாரங்களில் பார்த்திருக்கிறார். உயர் வரையறை என்றால் எல்லை இன்னும் கெடுபிடியாக இருக்கும் என்று நினைக்கத்தானே செய்வார்? கணினி பழுது பார்ப்பது என் பிழைப்பு. எச்.டி.க்கு வைத்த இந்த "உயர் வரையறை" என்ற சொல்லைத் தொலைக்காட்சிப் பெட்டியிலும் விளம்பரத்திலும் கைபேசியின் தமிழ் முகப்பிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, அதனால் ஒரு தடவை எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

எச்.டி. என்பது ஹை டெஃபினிஷன். டெஃபினிஷனுக்கு வேர், எல்லை என்று பொருள் தரும் லத்தீன் சொல் ஃபினிஸ். ஒரு சொல்லின் பொருளுக்கு எல்லை கட்டினால் அது அகராதிக்காரர் செய்யும் டெஃபினிஷன், நம் வரையறை. ஓர் உருவத்தின் விளிம்பு பிசிறில்லாமல் தெரிந்தால் அதையும் ஆங்கிலத்தில் டெஃபினிஷன் என்பார்கள். தொலைநோக்கிக்கு வில்லை செய்தவர்களும் படம் பிடித்தவர்களும் புழங்கிய பொருள் இது. தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது பொருளைத்தான். வேர்க்கதை அவ்வளவுதான்.

வரையறைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். வரை என்றால் கோடு, எல்லை. லத்தீனிலும் எல்லை, தமிழிலும் எல்லை, ஆக வேருக்கு வேர் பொருந்துகிறதே என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லை வாசிக்கிறவன் வேரைத் தோண்டிக்கொண்டா வாசிக்கிறான்? ஆங்கிலத்தில் விளிம்பு என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் பல தலைமுறையாக ஊறிக் கிடக்கிறது. தமிழில் வரையறை ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை. "அவன் முகம் நல்ல வரையறையாத் தெரியுது" என்று எந்தத் தமிழனாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இன்னொன்று. வரையறை என்றால் நிலையாக நிற்க வேண்டும். எச்.டி. நின்றதே கிடையாது. 1936-இல் பிபிசி லண்டனில் தொடங்கிய சேவையை அன்றைக்கே ஹை டெஃபினிஷன் என்றார்கள், படத்தைக் குறுக்காக வரையும் கோடுகள், அதாவது வரிகள், அதற்கு மிஞ்சிப் போனால் 405. பின்னால் நம் வீடுகளுக்கு வந்த சாதாரணத் தொலைக்காட்சிக்கே 625 வரி. இன்று 1280-க்கு 720 புள்ளி இருந்தால் எச்.டி., 1920-க்கு 1080 என்றால் முழு எச்.டி., 3840-க்கு 2160 வந்துவிட்டால் 4கே. புள்ளிக் கணக்கில் பார்த்தால் முழு எச்.டி. சுமார் 20 லட்சம், 4கே அதைப் போல நான்கு மடங்கு. 90 ஆண்டாக நகர்ந்துகொண்டே இருக்கும் ஒன்றுக்கு வரையறை என்று பெயர் வைத்தால் எப்படி?

மலாயில் "டெஃபினிசி திங்கி" என்கிறார்களே, அவர்கள் செய்தால் சரி, நாம் செய்தால் தப்பா என்று ஒரு நண்பர் மடக்கினார். மலாய்க்காரர்கள் ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள், அதன் இரண்டு பொருளும் கூடவே வந்துவிட்டன. அவர்களிடம் அகராதி வரையறைக்குத் தக்ரிஃப் என்று வேறு சொல்லும் இருக்கிறது. யாராவது "தக்ரிஃப் திங்கி" என்று தொலைக்காட்சி விற்கிறார்களா? நாம் செய்திருப்பது அந்தக் கூத்துதான்.

சரி, என்ன சொல்லலாம்? உயர்தெளிவு. கடைக்கு வருகிறவர்கள் வாயில் ஏற்கெனவே இருப்பதும் இதுதான். "படம் மங்கலா இருக்கு", "தெளிவா இல்ல தம்பி", கொஞ்சம் இளையவர்கள் என்றால் "கிளியரா இல்ல". மழை விட்ட மறுநாள் இங்கே ஓடும் பிளஸ் ஆறு கலங்கல், நாலு நாள் வெயிலடித்தால் தெளிவு. கண்ணால் பார்ப்பதற்குத் தமிழில் இந்த இணை எப்போதோ அமைந்துவிட்டது. முழு எச்.டி. என்றால் முழு உயர்தெளிவு, அதற்கும் மேலே போனால் மீயுயர்தெளிவு. துல்லியம் என்று சிலர் எழுதுகிறார்கள், அளவு பிசகாமல் இருப்பதற்கு அந்தச் சொல் வேண்டும், அதை இங்கே இழுக்க வேண்டாம்.

தெளிவு என்று பெயர் வைத்துவிட்டுப் படம் மங்கலாக இருந்தால் பொய்யாகாதா என்று கேட்கலாம். ஆகும். 1080 வரி உள்ள கல்யாண வீடியோவை வாட்ஸ்அப்பில் நசுக்கி அனுப்பினால் மணப்பெண் முகம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். நொடிக்கு எவ்வளவு தரவு மிஞ்சியிருக்கிறது என்பதும் சேர்ந்துதான் பார்க்கிற தெளிவை முடிவு செய்கிறது. ஆங்கிலப் பெயருக்கும் இதே கதிதான், அங்கே யாரும் பெயரை மாற்றவில்லை. படத்தில் எத்தனை புள்ளி என்பதைச் சொல்லும் ரெசல்யூஷனுக்குப் பிரிதிறன் என்று இயற்பியல் பாடத்தில் நல்ல சொல் இருக்கிறது, தெளிவோடு மோதாது. அதை விட்டுவிட்டுத் "தீர்மானம்" என்று மொழிபெயர்த்த ஒரு முகப்பையும் பார்த்திருக்கிறேன். தீர்மானம் ஆலயப் பொதுக்கூட்டத்தில் போடுவது ஐயா!

இந்த மொழிபெயர்ப்பாளர்களிடம் கேட்க இன்னொன்றும் இருக்கிறது. தோட்டத்து அக்கா ஒருவர் மகள் கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் கொண்டுவந்தார். வீட்டுத் தொலைக்காட்சியில் சத்தம் மட்டும் வருகிறதாம், படம் கறுப்பு. பார்த்தால் 4கே, எச்.265-இல் சுருக்கியது. 2013-இல் வந்த முறை அது, கோப்பின் அளவை நன்றாகக் குறைக்கும், ஆனால் அதைப் பிரிக்கத் தெரிந்த சில்லு பெட்டிக்குள் இருக்க வேண்டும், அவருடைய பழைய பெட்டியில் இல்லை. பழைய எச்.264-க்கு மாற்றி, 1080-க்கு இறக்கிக் கொடுத்தேன், ஓடியது. அக்காவைக் கலங்கடித்தது வேறு. மகனின் கைபேசியில் போட்டுப் பார்த்தபோது "இக்கோப்பு ஆதரிக்கப்படவில்லை" என்று தமிழில் வந்திருக்கிறது. "யாருப்பா ஆதரிக்கல? நம்ம வீட்டுக் கல்யாணத்த யாரு ஆதரிக்கணும்?" என்றார். ஆங்கிலத்தில் சப்போர்ட் என்று இருந்ததை அப்படியே பெயர்த்ததால் வந்த வினை.

இந்தக் கோப்பு இதில் ஓடாது என்று போட்டிருந்தால் அக்கா நேரே என்னிடம் வந்திருப்பார்.