ஆஃப்டர் மார்க்கெட்: போலிக்கும் மாற்றுக்கும் நடுவில் ஒரு சொல்

புதிய மோட்டார் சைக்கிள் வாங்கச் செல்பவரிடம் வண்டியின் விலையைச் சொல்லி முடித்த கையோடு ஷோரூமில் இன்னொரு தாளையும் நீட்டுவார்கள். வண்டி சாய்ந்தால் இன்ஜினைக் காக்கும் குழாய்ச் சட்டமான கிராஷ் கார்ட், பின்னால் பெட்டி மாட்டும் கேரியர், ஃபாக் லேம்ப், காற்றுத் தடுப்பு, சீட் கவர், டேங்க் பேட் என்று நீளும் அந்த எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் பட்டியலின் கூட்டுத்தொகையைப் பார்த்ததும், உடன் வந்த விவரம் தெரிந்த ஒருவர் காதருகே குனிந்து, "இதெல்லாம் இங்க போடாதீங்க, வெளியில போட்டுக்கலாம்" என்பார். அந்த ‘வெளியில்’ என்ற ஒற்றைச் சொல் குறிக்கும் பொருள்கள் அனைத்துக்கும் ஆங்கில வணிக வழக்கில் வழங்கும் பெயரே ஆஃப்டர் மார்க்கெட். தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் இல்லை. ஆகவே கடைக்குக் கடை லோக்கல், டூப்ளிகேட், வெளிப்பொருள், ஓ.இ.எம். (புது வண்டியில் நிறுவனமே பூட்டித் தரும் பாகம்) குவாலிட்டி என்று வேறுவேறு பெயர்கள் புழங்குகின்றன. இவை ஒரே பொருளைக் குறிப்பவை அல்ல என்பதுதான் சிக்கல்.

ஆஃப்டர் என்றால் பிறகு, மார்க்கெட் என்றால் சந்தை. எதற்குப் பிறகு என்று கேட்டால், வண்டி முதன்முதலில் விற்கப்பட்ட பிறகு என்பது விடை. வண்டியை விற்பது முதல் சந்தை. விற்ற வண்டிக்கு அதன் வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் பாகங்களையும் துணைப்பொருள்களையும் விற்பது அதைத் தொடர்ந்து வரும் சந்தை. இச்சொல் கடந்த நூற்றாண்டில் அமெரிக்க மோட்டார் வாகனத் தொழிலில் வேரூன்றியது என்றாலும், சொல்லுக்கு முன்பே தொழில் இருந்தது. 1908 முதல் 1927 வரை ஃபோர்டு நிறுவனம் தயாரித்து விற்ற ஒன்றரைக் கோடி மாடல் டி கார்கள் மிக எளிமையான அமைப்புடன் வந்தன. வண்டியில் இல்லாதவற்றையெல்லாம் செய்து விற்பதற்கென்றே தனித்தனி உற்பத்தியாளர்கள் கிளம்பினார்கள். வண்டி நிறுவனம் கொடுக்காததை வேறொருவர் கொடுப்பதும், அது அதிக விலைக்குக் கொடுப்பதை வேறொருவர் குறைந்த விலைக்குக் கொடுப்பதுமாகிய இந்த இரு கிளைகளே இன்றைய மோட்டார் சைக்கிள் துணைப்பொருள் வணிகத்துக்கும் அடித்தளம்.

இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் ‘பின்சந்தை’ என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பங்கு வணிகத்திலும் ஆஃப்டர் மார்க்கெட் என்ற சொல் உண்டு. புதிதாக வெளியிடப்பட்ட பங்கு, வெளியீட்டுக்குப் பின் கைமாறும் சந்தையை அது குறிக்கிறது. பின்சந்தை என்று எழுதினால் இரண்டில் எது என்று வாசகர் தடுமாறுவார். அதைவிட முக்கியமான குறை, அச்சொல் சந்தையைக் குறிக்கிறதே தவிர, கையில் இருக்கும் பொருளைக் குறிக்கவில்லை. ‘பின்சந்தைக் கண்ணாடி’ என்றால் வண்டியின் பின்புறக் கண்ணாடியோ என்று தோன்றும்.

உதிரிப்பாகம் என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்கலாம். உதிர் என்னும் வினையடியாகப் பிறந்தது உதிரி. சரமாகக் கட்டாமல் கூறு கட்டி விற்கும் பூவை உதிரிப்பூ என்கிறோம். அதுபோல, வண்டியில் கோக்கப்படாமல் தனித்துக் கிடக்கும் பாகம் உதிரிப்பாகம். ஆனால் அதைச் செய்தவர் யார் என்பதை அச்சொல் சொல்வதில்லை. வண்டி நிறுவனத்தின் முத்திரையோடு வரும் பிரேக் கேபிளும் உதிரிப்பாகம், மற்றொருவர் செய்த பிரேக் கேபிளும் உதிரிப்பாகம்.

செய்தவர் யார் என்ற இந்தக் கேள்வியும் பார்ப்பதற்கு எளிதே தவிர, உண்மையில் அவ்வளவு எளிதன்று. வண்டி நிறுவனங்கள் தம் பெயரைத் தாங்கிய வண்டியின் எல்லாப் பாகங்களையும் தாமே செய்வதில்லை. டயர் ஓரிடத்திலிருந்தும் சங்கிலி ஓரிடத்திலிருந்தும் மின்கருவிகள் மற்றோரிடத்திலிருந்தும் வருகின்றன. கோயம்புத்தூரின் எல்.ஜி.பி. நிறுவனம் செய்யும் ரோலான் சங்கிலி, தொழிற்சாலையில் புது வண்டிகளிலும் பூட்டப்படுகிறது, தெருமுனை ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் தன் பெயரிலேயே கிடைக்கிறது. முதலில் சொன்ன வழியில் வந்தால் அது ஓ.இ.எம். பாகம், இரண்டாவது வழியில் வந்தால் ஆஃப்டர் மார்க்கெட். எனவே வெளியில் வாங்கியது என்பதாலேயே ஒரு பொருள் தரம் தாழ்ந்தது என்று கொள்வதற்கில்லை. வேறு நிறுவனத்தின் டயரைப் போட்டுக்கொண்டவர் எவரும் தம் வண்டியில் டூப்ளிகேட் போட்டிருப்பதாக நினைப்பதில்லை என்பதையும் இங்கே சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

டூப்ளிகேட் என்ற சொல்லின் கதை வேடிக்கையானது. இரட்டித்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்த இச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் ‘இரண்டாம் படி’ என்பதே முதற்பொருள். அதில் பழி எதுவும் இல்லை. நம் வழக்கிலோ அது ஏமாற்றுப் பொருள் என்றாகிவிட்டது. ஆனாலும் சாவி விஷயத்தில் மட்டும் பழைய பொருள் பிழைத்திருக்கிறது. டூப்ளிகேட் சாவி போடக் கொடுத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை, ஏனென்றால் அந்தச் சாவி பூட்டைத் திறக்கும். தமிழில் இந்த வேறுபாட்டை இரண்டு சொற்கள் துல்லியமாகக் காட்டுகின்றன. உரியவர் தம் தேவைக்காகச் செய்துகொள்வது மாற்றுச்சாவி. உரியவருக்குத் தெரியாமல் செய்வது கள்ளச்சாவி. இரும்பும் அதே இரும்பு, பல்வெட்டும் அதே பல்வெட்டு.

போலி என்ற சொல்லும் ஒரு காலத்தில் இப்படிப் பழிக்கு அப்பாற்பட்டதாகத்தான் இருந்தது. போல் என்பதன் அடியாகப் பிறந்த அதற்கு, ஒன்றைப் போல இருப்பது என்பதே பொருள். இலக்கணத்தில், ஒரு சொல்லில் வர வேண்டிய எழுத்துக்கு மாறாக வேறோர் எழுத்து வந்தும் பொருள் மாறாமல் நின்றால் அதைப் போலி என்கிறோம். நிலம் என்பது நிலன் என்றும், மயல் என்பது மையல் என்றும், பந்தல் என்பது பந்தர் என்றும் வருவது இவ்வகை. நல்ல ஆஃப்டர் மார்க்கெட் பொருளுக்கு இதைவிடச் சரியான வரையறை எனக்குத் தோன்றவில்லை: வர வேண்டிய பாகத்தின் இடத்தில் வேறொன்று வருகிறது, வேலை மாறவில்லை. ஆனால் போலி மருந்து, போலிச் சான்றிதழ், போலி மருத்துவர் என்று புழங்கிப் புழங்கி அச்சொல் கறைபட்டுவிட்டது. இனி அதை மீட்டு இந்த இடத்தில் வைக்க முடியாது.

வைக்கவும் கூடாது, ஏனென்றால் இன்றைய பொருளில் போலி என்பது சட்டத்தில் தனிக் குற்றம். 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டம் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. வேறொருவரின் வண்டிக்குப் பொருந்தும்படி துணைப்பொருள் செய்பவர், எந்த வண்டிக்குப் பொருந்தும் என்பதைத் தெரிவிப்பதற்குத் தேவையான அளவில் அந்த வண்டியின் பெயரைக் குறிப்பிடலாம் என்று அதன் 30-ஆம் பிரிவு இடம் தருகிறது. அட்டைப் பெட்டிகளில் ‘இன்ன வண்டிக்குப் பொருந்தும்’ என்று அச்சிட்டிருப்பது இதனால்தான். அதே பொருளின்மேல் வண்டி நிறுவனத்தின் முத்திரையையே பொறித்து, அவர்கள் செய்ததாக விற்பது 103-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரியது. முதலில் சொன்னவர் தம் பெயரில் விற்கிறார், மற்றவர் பிறர் பெயரில் விற்கிறார். விலை மலிவு என்ற ஒற்றுமையை வைத்து இருவரையும் டூப்ளிகேட் என்ற ஒரே கூடையில் போடுவது சரியன்று.

வெளிப்பொருள் வேலையில் எப்படி வேறுபடுகிறது என்பதைப் பொருத்தும்போது கிட்ட நின்று பார்த்தால் தெரியும். சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கிய ஒரு கிராஷ் கார்டை என் வண்டியில் மாட்டச் சொன்னேன். ஷோரூம் பட்டியலில் இருந்ததில் பாதி விலைகூட இல்லை. மேல் கிளாம்ப் சரியாக உட்கார்ந்தது. கீழே இன்ஜின் மவுன்டிங் போல்ட்டுக்கான துளை ஒரு நூல் தள்ளி நின்றது. மெக்கானிக் சலித்துக்கொள்ளவில்லை; உருட்டு அரத்தை எடுத்து வட்டத் துளையை நீள்வட்டமாக ராவி, இடைவெளிக்கு இரண்டு வாஷர் கொடுத்து, காலால் குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டே போல்ட்டை முறுக்கினார். பார்வைக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ராவிய இடத்தில் பெயின்ட் போய்விட்டதால் அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அங்கே துரு கோடு கட்டியது. அதைவிட என் கண்ணில் உறுத்தியது போல்ட்டின் தலை. வண்டியோடு வந்த போல்ட்டின் தலையில் 8.8 என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தது. சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசை வரை தாங்கும் என்றும், அதில் 80 விழுக்காடு வரை நிலையாக நீளாது என்றும் அந்த எண்ணுக்குப் பொருள். கார்டோடு பாலிதீன் பையில் வந்த போல்ட்டின் தலை வழவழவென்று எந்த எண்ணும் இல்லாமல் இருந்தது. பழைய போல்ட்டையே திரும்பப் போடச் சொன்னேன். குழாயில் குறையில்லை, மிச்சம் பிடித்தது போல்ட்டில்தான்.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான், சாவிக்குப் பொருந்தும் சொல் வண்டிக்கும் பொருந்தும் என்று எனக்குப் பட்டது. மாற்றுத்துணி, மாற்றுவழி, மாற்றுச்சாவி என்ற வரிசையில் மாற்றுப்பாகம் இயல்பாகச் சேர்கிறது. எல்லா உதிரிப்பாகமும் ஒன்றுக்கு மாற்றாகத்தானே பூட்டப்படுகிறது என்ற மறுப்பு எழலாம். அந்த வேலைக்கு உதிரிப்பாகம் என்ற சொல் போதும். நிறுவனத்தின் பொருளுக்கு ஈடாக வேறொருவர் தம் பெயரில் செய்தது என்ற கூடுதல் பொருளை மட்டும் மாற்றுப்பாகத்துக்கு ஒதுக்கிவிடலாம். கேரியர், கிராஷ் கார்ட் போன்ற துணைப்பொருள்களை மாற்றுத் துணைப்பொருள் எனலாம். இச்சொல்லை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் மாற்று என்பது பொன்னின் தரத்தை அளக்கும் அளவையும் ஆகும். உரைகல்லில் உரசி, தரம் தெரிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிட்டு, இது எத்தனை மாற்று என்று சொன்னார்கள்; பத்தரை மாற்றுத் தங்கம் என்ற வழக்கு அதிலிருந்து வந்தது. ஈடு என்ற பொருளும் தர அளவு என்ற பொருளும் ஒரே சொல்லில் அமைந்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும், வேறொருவர் செய்தது என்று கேட்டவுடன் எத்தனை மாற்று என்றும் கேட்கத் தூண்டும் சொல் நமக்கு வாய்த்திருக்கிறது. போல்ட்டின் தலையில் இருக்கும் எண் அதற்கான உரைகல்.

எல்லாப் பொருளையும் ஒரே கண்டிப்போடு உரசிப் பார்க்க வேண்டியதில்லை. டேங்க் பேட், சீட் கவர், மொபைல் ஹோல்டர் போன்றவை கெட்டால் போவது காசு மட்டும்தான். ஃபாக் லேம்ப் என்றால் விளக்கைவிட ஒயரிங்தான் முக்கியம். ரிலேயும் ஃபியூஸும் வைக்காமல் நேராக பேட்டரியில் சொருகித் தருபவரிடம் விலை பேசவே கூடாது. ஹெல்மெட்டில் பேச்சுக்கே இடமில்லை: 2021 ஜூன் 1 முதல் இரு சக்கர வாகன ஹெல்மெட்டுகளை ஐ.எஸ்.ஐ. முத்திரையின்றி இந்தியாவில் விற்க முடியாது. தரச்சோதனை எதுவும் இல்லாமல் அந்த முத்திரையை மட்டும் ஒட்டிச் சாலையோரத்தில் விற்கப்படுவது மாற்று அன்று, கலப்பற்ற போலி. சைலன்சர் போன்றவற்றில் வேறொரு தடை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக்கூடாது. இதை உச்ச நீதிமன்றமும் 2019-இல் உறுதிப்படுத்தியது. வண்டியின் அடிப்படை அமைப்பு மாறிவிட்டால் அது மாற்றுப்பாகம் என்ற எல்லையைத் தாண்டி மாற்றியமைத்தல் ஆகிவிடும். ஆங்கிலத்தில் மாடிஃபிகேஷன் என்பது அதுதான்.

எழுதும் முறையைப் பற்றியும் ஒரு குறிப்பு. மாற்று என்பது வன்தொடர்க் குற்றியலுகரம் ஆதலால், வல்லினத்தில் தொடங்கும் சொல் அடுத்து வந்தால் ஒற்று மிகும்: மாற்றுப்பாகம், மாற்றுச் சங்கிலி, மாற்றுக் கண்ணாடி. மாற்று விளக்கு, மாற்று ஹாரன் என்பவற்றில் மிகாது. கடையில் கேட்கும்போது இவ்வளவு இலக்கணம் தேவைப்படாது. "கம்பெனிது வேண்டாம், மாத்து ஒண்ணு இருந்தா காட்டுங்க, பேர் போட்ட பொருளா இருக்கணும்" என்றால் கல்லாவில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.