‘உங்கள் லட்சிய வாழ்க்கை’ என்று கேட்பதற்கு முன்

ஆலோசனைக்கு வந்த, ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் வாழ்க்கைத் திருப்தி பற்றிய கேள்வித்தாளைக் கொடுத்தேன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). உளவியலாளர் எட் டீனரும் சக ஆய்வாளர்களும் 1985-இல் வெளியிட்டது அது. ஐந்தே வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். என் லட்சிய வாழ்க்கைக்கு என் வாழ்க்கை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் வாக்கியமே. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“எனக்குன்னு தனியா என்னம்மா நினைச்சேன்? பொண்ணு படிச்சு முடிக்கணும், அவ்வளவுதான்.”

கடைசியில் 2-ஐ வட்டமிட்டார். ‘தன்னடையாளம் பலவீனம்’ என்று குறித்துக்கொண்டேன். என் பயிற்சிக் காலம் அது. அந்தக் குறிப்பு இன்றும் என்னை உறுத்துகிறது. தனக்கென்று ஒரு வாழ்க்கையைத் தனியாக வரைந்து வைத்திருப்பவரே முழு மனிதர் என்ற தத்துவம், அவர் பதில் சொல்லும் முன்பே அந்தக் கேள்விக்குள் உட்கார்ந்திருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை.

உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க்கின் ஒழுக்க வளர்ச்சி ஆய்வில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். 1958-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வுக்காக, சிகாகோ பகுதியில் 72 சிறுவர்களிடம் பேசினார். சிறுமி ஒருத்திகூட இல்லை. ஒரு கற்பனைக் கதையைச் சொல்லி, சாகக் கிடக்கும் மனைவிக்காக ஹைன்ஸ் என்பவர் மருந்தைத் திருடலாமா என்று கேட்டார். பதில்களுக்குப் பின்னால் இருந்த யோசனையை வைத்து ஒழுக்க வளர்ச்சியை ஆறு படிகளாக வகுத்தார். உச்சியான ஆறாம் படியில் நிற்பவர், தத்துவவாதிகளான காண்ட்டும் பின்னாளில் ஜான் ரால்ஸும் மனதில் வைத்திருந்த மனிதர்: உறவு, ஊர், வழக்கம் எல்லாவற்றையும் தள்ளிவைத்து, யாவருக்கும் பொருந்தும் நீதியால் முடிவெடுப்பவர். உச்சி இதுதான் என்று ஆகிவிட்டால், உறவை வைத்து யோசிப்பவருக்கு மூன்றாம் படிதான் கிடைக்கும். அக்கறை ஏன் கீழ்ப்படியில் இருக்க வேண்டும் என்று உளவியலாளர் கேரல் கில்லிகன் 1982-இல் கேட்டது இதனால்தான்.

ஜோன் மில்லரும் சக ஆய்வாளர்களும் மைசூரிலும் அமெரிக்காவின் நியூ ஹேவனிலும் நடத்திய ஆய்வு 1990-இல் வந்தது. சிறு தேவைக்கு உதவுவதைக்கூட மைசூர்க்காரர்கள் கடமை என்றார்கள். அமெரிக்கர்கள் பலருக்கு அது அவரவர் விருப்பம். ஒரே அளவுகோலில் வைத்தால் இதில் ஒருவர் ‘முதிர்ச்சி குறைந்தவர்’ ஆகிவிடுவார்.

சரி, அப்படியானால் நம் குடும்ப லட்சியத்தையே அளவுகோலாக வைத்துவிடலாமா? அதற்கும் நான் பயப்படுகிறேன். ‘நம்ம பண்பாடு’ என்ற பெயரில் விழுங்கப்பட்ட ஆசைகளை என் அறையில் நிறையக் கேட்டிருக்கிறேன். அந்த லட்சியத்தை யார் தீர்மானித்தார்கள், யாரைக் கேட்காமல் தீர்மானித்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

இப்போதெல்லாம் கேள்வித்தாளை எடுப்பதற்கு முன், “நல்லா வாழ்ந்தவங்கன்னு நீங்க யாரைச் சொல்வீங்க?” என்று கேட்கிறேன். அந்த அம்மாவிடமும் அடுத்த சந்திப்பில் கேட்டேன்.

“எங்க பெரியம்மா. அவங்க வீட்டுக்குப் போனா யாரும் சாப்பிடாம திரும்ப முடியாது.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “அவங்க சாப்பிட்டாங்களான்னுதான் யாரும் கேட்டதில்ல” என்றார்.

அன்று அங்கிருந்துதான் பேச ஆரம்பித்தோம்.