உட்பேச்சு: சொல் விளக்கம்

"உங்கள் மனசாட்சி உங்களைத் தாழ்த்திப் பேசினால் அதற்குக் காது கொடுக்காதீர்கள்." மனநலம் பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் காணொளியில் வந்த வரி இது. இதே பிழையைப் பல இடங்களில் கேட்டுச் சலித்துவிட்டது. மனசாட்சி சொல்வதைக் கேட்காதே என்று தமிழில் யாராவது புத்தி சொல்வார்களா?

அவர்கள் சொல்ல வந்தது 'இன்னர் வாய்ஸ்', அதாவது நாள் முழுக்க நமக்குள் ஓடும் பேச்சு. உளவியலில் இதற்கு 'இன்னர் ஸ்பீச்' என்ற பெயரும் உண்டு. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி இதை விரிவாக ஆராய்ந்தார். சிறு குழந்தை விளையாடும்போது வாய்விட்டுத் தனக்கே சொல்லிக்கொள்கிறதே, அந்தப் பேச்சுதான் பள்ளி வயதில் மெல்ல உள்ளே போய்விடுகிறது என்பது 1934இல் வெளிவந்த அவர் நூலின் கருத்து. அவர் பயன்படுத்திய ரஷ்யத் தொடருக்கு நேர்ப்பொருளே 'உள்ளே நடக்கும் பேச்சு'தான்.

மனசாட்சி முற்றிலும் வேறு. சாட்சி என்றால் கண்ணால் கண்டவர். நாம் செய்ததை மனமே கண்டு, சரி தவறு சொல்வது மனசாட்சி. 'தன்நெஞ்சே தன்னைச் சுடும்' என்று வள்ளுவர் சொல்வது இதைத்தான். கடைக்குப் போகும் வழியெல்லாம் 'பால், தயிர், கொத்தமல்லி' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போகிறோம். அதற்கும் மனசாட்சிக்கும் என்ன சம்பந்தம்?

இது வெறும் சொல் சண்டை என்றால் விட்டுவிடலாம். மனச்சோர்வில் இருப்பவருக்கு உள்ளே ஓடுவது பெரும்பாலும் 'நான் எதுக்கும் லாயக்கில்லை', 'எல்லாருக்கும் பாரமா இருக்கேன்' என்பது போன்ற பேச்சு. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் தம் நோயாளிகளிடம் இதைக் கவனித்தார். தானாக வந்து விழும் அந்த எண்ணங்களைப் பிடித்து, அவை உண்மைதானா என்று அவர்களையே சோதித்துப் பார்க்க வைத்தார். அவர் உருவாக்கிய சிகிச்சைக்கு இதுதான் அடிப்படை. அந்தப் பேச்சுக்கு மனசாட்சி என்று பெயர் வைத்தால் சோதிக்க எங்கே இடம்? நம் ஊரில் மனசாட்சி பொய் சொல்லாது. சினிமாவில்கூட, கண்ணாடியிலிருந்து மனசாட்சி இறங்கி வந்தால் அது உண்மையைத்தான் பேசும். ஏற்கெனவே நொந்து கிடப்பவரிடம் 'உன்னை மட்டம் தட்டுவது உன் மனசாட்சி' என்று சொல்வது, அந்தப் பழிக்கு நாமே முத்திரை குத்திக் கொடுப்பதாகும்.

'உள்குரல்', 'அகக்குரல்' என்பவை இதைவிடப் பரவாயில்லை. ஆனால் 'குரல் கேட்கிறது' என்பது மனநல மருத்துவரிடம் சொல்லப்படும் வேறொரு அறிகுறி. இரண்டையும் குழப்பினால் வீண் பயம்தான் மிஞ்சும். 'சுயபேச்சு' தன்னைப் பற்றிப் பேசுவது போல ஒலிக்கிறது.

என் தேர்வு உட்பேச்சு. உள் + பகை உட்பகை ஆவது போல உள் + பேச்சு. நல்லதும் கெட்டதும் அதில் அடங்கும். பேசுவது நாமே என்பதும் தெரியும், ஆகவே மாற்றிப் பேசவும் முடியும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்றே ஓர் அதிகாரம் உண்டு. பிரிவில் வாடும் தலைவி 'நினைத்தொன்று சொல்லாயோ நெஞ்சே' என்று தன் நெஞ்சிடமே மருந்து கேட்கிறாள். அடுத்த குறளில், அவருக்குக் காதல் இல்லாதபோது நீ மட்டும் நோவது பேதைமை என்று அதைக் கடிந்துவிட்டு, 'வாழியென் நெஞ்சு' என்று வாழ்த்தவும் செய்கிறாள். தன்னை 'நீ' என்று அழைத்துச் சற்றுத் தள்ளி நின்று பேசுகிறாள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர் ஈதன் கிராஸின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியதுதான்: மனசுக்குள் 'நான்' என்று சொல்லாமல் தன் பெயரையோ 'நீ' என்றோ சொல்லிப் பேசியவர்களுக்குப் பதற்றம் குறைந்தது.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் இரண்டுக்கும் 'மன அழுத்தம்' என்றே எழுதுவதும் இப்படி வந்த வினைதான். பரீட்சைப் பதற்றமும் மாதக்கணக்கில் எழுந்திருக்க முடியாத நோயும் ஒரே சொல்லுக்குள் போய்விட்டன. மனச்சோர்வு என்ற நல்ல சொல் கையில் இருந்தும் இந்த நிலை.

பெயர்ச்சொல்லாக உட்பேச்சு இருக்கட்டும். வினையாக வேண்டும் என்றால் 'மனசுக்குள் சொல்லிக்கொள்வது' என்று எழுதுங்கள், எல்லாருக்கும் புரியும்.